மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்வும் ‘தாசிகள் மோசவலை’ புதினத்தின் பெண்விடுதலை நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் புதின வரலாற்றில் பெண்ணடிமைத்தனத்தை அதன் உள்ளிருந்து எழுதிக் காட்டிய தொடக்ககாலப் படைப்புகளுள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ (1936) குறிப்பிடத்தக்கது. தலைப்பை மட்டும் நோக்குவோர்க்கு இப்புதினம் பெண்ணைக் குற்றவாளியாக்குவதாகத் தோன்றும். ஆசிரியரின் வாழ்க்கையோடு பொருத்திப் படிக்கும்போது அத்தோற்றம் மாறுகிறது. அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றைக் கால வரிசையில் விவரித்து, அவ்வாழ்வு புதினத்தின் நோக்கையும் அதன் எல்லைகளையும் எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விறலிவிடு தூது மரபோடு இப்புதினத்திற்குள்ள உறவும் விலகலும் இங்குச் சுட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: மூவலூர் இராமாமிர்தம், பொட்டுக்கட்டு முறை, சுயமரியாதை இயக்கம், விறலிவிடு தூது, பெண்விடுதலை, தொடக்ககாலப் புதினம்.

முன்னுரை

தமிழில் புதினம் தோன்றிய காலந்தொட்டே பெண்ணின் நிலை அதன் மையப் பொருள்களுள் ஒன்றாக இருந்துவந்துள்ளது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்கல்வியை வலியுறுத்தினார். அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’யில் இளங்கைம்பெண்ணின் துயரை அவளே கூறுவதுபோல அமைத்தார். இவை ஆண் எழுத்தாளர்கள் பெண்ணின் பொருட்டு எழுதியவை. 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாள் போன்றோரால் பெண்களின் எழுத்து பெருகியது. எனினும் அவ்வெழுத்து பெரும்பாலும் நடுத்தர, உயர்குடி இல்லங்களின் எல்லைக்குள்ளேயே இயங்கியது.

அவ்வில்லங்களுக்கு வெளியே, திருமணம் என்னும் அமைப்பே மறுக்கப்பட்ட பெண்களின் உலகிலிருந்து வந்த குரலே இராமாமிர்தம் அம்மையாருடையது. அரசியல் மேடைகளிலும் நலத்திட்டங்களின் பெயரிலும் அவர் நன்கு அறியப்பட்டவர். ஆனால் புதின ஆசிரியராக அவர் பெற்ற கவனம் குறைவு. கலையழகு குன்றிய பிரசார நூல் என்னும் மதிப்பீடே அதற்குக் காரணம். அம்மதிப்பீடு ஒரு பகுதி உண்மையே. ஆயினும் ஓர் அமைப்பால் விலைகொடுத்து வாங்கப்பட்ட சிறுமி, ஐம்பது வயதைக் கடந்தபின் அவ்வமைப்பைப் பற்றி எழுதிய நூல் என்ற அளவில் அது வேறு அளவுகோலையும் வேண்டி நிற்கிறது.

1. பிறப்பும் வளர்ப்பும்

இராமாமிர்தம் 1883-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். இசைவேளாளர் குடும்பம். வறுமை தாங்காத தந்தை பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்றார். கணவரைத் தேடிப் புறப்பட்ட தாய், ஐந்து வயதுக் குழந்தையை ஆச்சிக்கண்ணு என்னும் தேவதாசியிடம் ஒப்படைத்தார். அதற்கு ஈடாக அவர் பெற்றது பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும் என அம்மையாரின் வாழ்க்கைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்ததால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரின் முன்னொட்டாயிற்று.

வளர்ப்புத் தாயின் வீட்டில் அவருக்கு ஆடலும் பாடலும் கற்பிக்கப்பட்டன. அக்காலத்துப் பெரும்பான்மைப் பெண்களுக்குக் கிட்டாத எழுத்தறிவும் கலைப்பயிற்சியும் இவ்வகைக் குடும்பங்களில் பெண்களுக்குக் கிட்டின. ஆனால் அக்கல்வி அவளது விருப்பத்திற்காக வழங்கப்பட்டதன்று. முதலீட்டின் ஒரு பகுதியாகவே அது கருதப்பட்டது. பிற்காலத்தில் மேடைப்பேச்சிலும் எழுத்திலும் அம்மையாருக்குத் துணைநின்ற சொல்வன்மை, அவரைக் கட்டிவைக்க எண்ணிய வீட்டிலேயே ஊன்றப்பட்டது என்பது இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

2. பொட்டுக்கட்டு முறையின் பொருளியல்

அம்மையாரின் வாழ்வையும் புதினத்தையும் புரிந்துகொள்ளப் பொட்டுக்கட்டு முறையின் பொருளியல் அடித்தளத்தை அறிதல் வேண்டும். இறைவனுக்கு மணம் செய்விப்பதாகக் கூறிச் சிறுமியின் கழுத்தில் பொட்டுக் கட்டுவது இதன் சடங்குப் பகுதி. சடங்கிற்குப் பின்னால் நிலம் இருந்தது. கோயிற் பணிக்கென விடப்பட்ட மானிய நிலத்தை ஒரு குடும்பம் தொடர்ந்து அனுபவிக்க வேண்டுமானால், அக்குடும்பத்தில் தலைமுறைதோறும் பணிக்குரிய பெண் ஒருத்தி இருக்க வேண்டும். பெண்மகவு இல்லாத வீட்டார் ஏழைக் குடும்பங்களிலிருந்து பெண்குழந்தைகளைப் பெற்று வளர்த்தனர். இராமாமிர்தம் ஆச்சிக்கண்ணுவின் வீட்டிற்குச் சென்றது இத்தகைய வழக்கத்தின் வழியேதான்.

கோயில் என்னும் நிறுவனம் அக்காலத்தில் சமூக அதிகாரத்தின் மையமாக இருந்தது. இராமநாதபுரம் சீமையின் கமுதியில் நிகழ்ந்த வழக்கு இதற்குச் சான்று. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்தனர். கோயிலின் பரம்பரை அறங்காவலராகிய சேதுபதி மன்னர் வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கமுதிக் கோயிலின் வாயில் ஒரு சாராருக்கு அடைக்கப்பட்டிருந்த அதே காலத்தில், சோழநாட்டுக் கோயில்களின் வாயில் வேறொரு சாராரின் பெண்களைப் பிணிப்பதற்காகத் திறந்திருந்தது. விலக்கி வைப்பதும் கட்டி வைப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு செயல்கள். இவ்விரண்டையும் ஒருசேரக் கேள்விக்குட்படுத்திய இயக்கத்தையே அம்மையார் பின்னாளில் தமக்குரியதாகத் தேர்ந்தார்.

3. மறுப்பும் மணமும்

பருவமடைந்த இராமாமிர்தத்தை முதியவர் ஒருவருக்கு உரியவளாக்கும் ஏற்பாடு நடந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையையே கணவராகத் தேர்ந்து வாழத் தொடங்கினார். சடங்கு முறைகளைப் பின்பற்றாது, இருவர்தம் உறுதிமொழியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு அம்மணம் அமைந்தது. சுயமரியாதைத் திருமணம் என்னும் சொல் வழக்கில் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அதன் சாரத்தை ஒரு பெண் தன் வாழ்வில் நிகழ்த்திக் காட்டியிருக்கிறார்.

இம்மறுப்பின் பொருள் ஆழமானது. குடும்பப் பெண்ணுக்கு மணம் என்பது பெரியோரால் விதிக்கப்படுவது. பொட்டுக் கட்டப்படவேண்டியவளுக்கோ மணமே விலக்கப்பட்டது. இரு நிலைகளிலும் பெண்ணின் விருப்பத்திற்கு இடமில்லை. விலக்கப்பட்ட மணத்தைத் தானே தேர்ந்து மேற்கொள்வது, அவர் நின்ற இடத்திலிருந்து நோக்கின் உரிமைப் போராட்டமே. மணவாழ்வை விடுதலையாகக் காட்டும் அவரது புதினத்தை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

4. பொதுவாழ்வு

அம்மையாரின் பொதுவாழ்வு காங்கிரசில் தொடங்கியது. கதர்ப் பணியில் ஈடுபட்ட அவர், அதே காலத்தில் தம் சமூகப் பெண்களிடையே பொட்டுக்கட்டு முறைக்கு எதிரான பரப்புரையையும் மேற்கொண்டார். வீடுவீடாகச் சென்று தாய்மாரிடம் பேசுவதும், பெண்களுக்கு மணம் முடித்துவைப்பதும் அவரது பணியாயின. 1925-இல் மாயவரத்தில் இசைவேளாளர் மாநாடு கூட்டுவதற்கு அவர் முன்நின்று உழைத்தார். சாதியின் பெயரால் கூடிய அம்மாநாடு சாதிப் பெருமையைப் பேசாமல், தம் சமூகத்துப் பெண்களின் இழிநிலையைத் தம் சமூகத்து ஆடவரிடமே வினவும் களமாக அமைந்தது.

அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டை அடுத்துப் பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறினார். அம்மையாரும் அவர் வழியிலேயே சென்றார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் துணைவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் வேண்டித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அடுத்தடுத்த மாநாடுகள் 1930-இல் ஈரோட்டிலும், 1931-இல் அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகரிலும் நடைபெற்றன. அம்மையார் தனியொருவராகத் தம் வாழ்வில் எழுப்பிய வினாக்கள் ஓர் இயக்கத்தின் தீர்மானங்களாக உருப்பெற்ற காலம் இது.

சட்டத் துறையில் இப்பணியை முன்னெடுத்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் முயற்சியால் 1929-இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. மானிய நிலம் கோயிற் பணி என்னும் நிபந்தனையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அதனை அனுபவித்த பெண்களுக்கே உரியதாயிற்று. பொட்டுக்கட்டு முறையின் பொருளியல் முடிச்சை அவிழ்த்த திருத்தம் இது. பொட்டுக் கட்டுவதையே தடைசெய்ய 1930-இல் அவர் கொணர்ந்த மசோதா, அவர் பதவி விலகியதால் நிறைவேறாமல் நின்றது. வைதிகர்கள் மட்டுமன்றித் தேவதாசியரிலும் ஒரு சாரார் அதனை எதிர்த்தனர். தம் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என அவர்கள் அஞ்சினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைமாமணிகள் அவ்வணியில் இருந்தனர் என்பது அவ்வச்சத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது என்பதை உணர்த்தும். அம்மையார் எதிர்நிலையில் நின்றார். கலைவல்லாராகப் புகழ்பெற்ற சிலரைக் காட்டிலும், விலைக்கு வாங்கப்பட்டுப் பெயரின்றி அழிந்த பலரே அவர் கண்முன் நின்றனர்.

5. ‘தாசிகள் மோசவலை’

மசோதா கிடப்பில் கிடந்த காலத்தில், 1936-இல் அம்மையாரின் புதினம் வெளிவந்தது. காந்தா, கானவதி என்னும் தாசியரிடம் செல்வக்குடி ஆடவர் சிக்கிப் பொருளிழப்பதும், சோமசேகரன் என்னும் மைனர் ஈற்றில் மதிபெறுவதும் கதையின் புறவடிவம். இதனூடே, அவ்வாழ்வை விட்டு வெளியேறிப் பிற பெண்களை மீட்க முயலும் சீர்திருத்தப் பெண்களின் கதை இணைகோடாகச் செல்கிறது. போகசிந்தாமணி, குணபூஷணி, விவேகவதி என்னும் பெயர்களே மாந்தர்தம் பண்பை அறிவிக்கின்றன. நாடக மேடையையும் அறநூல்களையும் ஒத்த பெயரிடல் இது. உரையாடல்கள் நீண்டு சொற்பொழிவுகளாகின்றன. கதைப் பின்னலில் தளர்ச்சி உண்டு. இவை மறுக்கவியலாத குறைகள்.

ஆனால் தொழிலின் உள்நுட்பங்களைச் சொல்லுமிடங்களில் நூல் மாறுபட்ட வலிமை பெறுகிறது. மகளைப் பயிற்றும் தாய், இடைநின்று ஊதியம் பெறுவோர், சமயத்தின் பெயரால் இதனை நியாயப்படுத்துவோர், குலப்பெருமை பேசிக்கொண்டே சொத்தை அழிக்கும் மைனர்கள் என ஒரு முழு வலைப்பின்னல் வெளிப்படுகிறது. தலைப்பிலுள்ள வலை என்னும் சொல் இங்குப் பொருள் விரிகிறது. ஆடவர் விழும் வலையாகத் தொடங்குவது, அதனை வீசுவதாகத் தோன்றும் பெண்ணே முதலில் சிக்கியிருக்கும் வலையாகத் தெளிவடைகிறது. பிறந்த அன்றோ விலைபேசப்பட்ட அன்றோ அவள் அதில் வீழ்ந்துவிட்டாள். பத்து ரூபாய்க்குக் கைமாறிய குழந்தையின் வரலாற்றை அறிந்த வாசகர்க்கு இப்பொருள் உடனே புலப்படும்.

6. மரபும் விலகலும்

இப்புதினத்தின் கதைச்சட்டகம் தமிழுக்குப் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் செழித்த விறலிவிடு தூது நூல்களின் கதைப்போக்கும் இதுவே. தலைவன் வீட்டை விட்டு நீங்குகிறான். தாசியின் வலையில் வீழ்கிறான். தாய்க்கிழவியின் சூழ்ச்சியால் பொருள் முழுதும் இழந்து விரட்டப்படுகிறான். புரவலர் ஒருவரிடம் பரிசில் பெற்று, மனைவியின் ஊடல் தீர்க்க விறலியைத் தூதாக அனுப்புகிறான். கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதும், இராமநாதபுரம் அரசவையைச் சார்ந்த சேதுபதி விறலிவிடு தூதும் இவ்வகையின. குறுநில மன்னர், சமீன்தார் அவைகளின் சுவைக்கென எழுந்த இந்நூல்களில் தாசியின் இல்லம் ஆடவனது இன்பத்திற்கும் எள்ளலுக்கும் உரிய களமாகும். அவள் ஏன் அங்கிருக்கிறாள் என்னும் வினா எழுவதில்லை. மனைவியின் துயரோ ஊடலாகச் சுருங்கிவிடுகிறது.

அம்மையார் இதே சட்டகத்தை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களில் மாற்றுகிறார். முதலாவது, தாய்க்கிழவியின் சூழ்ச்சி நகைப்புக்குரிய வஞ்சமாக நின்றுவிடாமல், வாழ்வாதாரத்தின் கட்டாயமாகவும் காட்டப்படுகிறது. இரண்டாவது, தலைவனை மீட்பதில் புரவலரின் கொடையை விடப் பெண்களின் கூட்டுமுயற்சியே முதன்மை பெறுகிறது. மூன்றாவது, கதை படுக்கையறைச் சமாதானத்தோடு முடிவதில்லை. பொதுமேடையை நோக்கிச் செல்கிறது. தாசிமுறை ஒழிப்பு மாநாடு புதினத்தின் இயல்பான முடிவிடமாகிறது. தூது விறலியின் வாயிலாகச் செல்லும் மரபில், பெண் ஆடவனது செய்தியைச் சுமப்பவளாக இருந்தாள். இங்குப் பெண் தன் செய்தியைத் தானே கூறுகிறாள்.

இதனினும் பழைய மரபொன்றும் நினைவுகூரத்தக்கது. மணிமேகலைக் காப்பியத்தில் சித்திராபதி பேர்த்தியைக் குலத்தொழிலுக்கு இழுக்க, மாதவியும் மணிமேகலையும் மறுக்கின்றனர். அம்மறுப்பிற்குக் காப்பியம் காட்டும் வழி துறவு. அம்மையார் காட்டும் வழி இல்வாழ்வும் இயக்கமும். துறவில் பெண் தன் உடலை விட்டு நீங்கி விடுதலை பெறுகிறாள். அம்மையாரின் மாந்தர் உடலோடும் உறவோடும் சமூகத்தின் நடுவிலேயே விடுதலை நாடுகின்றனர்.

7. புதினத்தின் எல்லைகள்

இப்புதினத்தைப் போற்றுவதோடு அமையாது அதன் எல்லைகளையும் குறித்தல் ஆய்வு நேர்மையாகும். தாசியர்க்கு எதிர்நிலையில் குலமகளை நிறுத்தும் பழைய இருமைப் பாகுபாட்டை நூல் முற்றிலும் கடக்கவில்லை. சீர்திருந்திய பெண்ணுக்குரிய இடமாக மணவாழ்வே பெரிதும் முன்வைக்கப்படுகிறது. அம்மண வாழ்வினுள்ளும் ஆணாதிக்கம் உண்டு என்னும் உணர்வு, சுயமரியாதை இயக்கத்தின் கட்டுரைகளில் வெளிப்படும் அளவிற்குக் கதையில் வெளிப்படவில்லை. தலைப்பே தாசியர்மீது பழியேற்றுவதாகப் படிக்கப்படும் வாய்ப்பும் உண்டு. ஆடற்கலையும் இசையும் அப்பெண்களின் அறிவுச் செல்வம் என்னும் கோணம் நூலில் வலுப்பெறவில்லை.

இவ்வெல்லைகளுக்குரிய காரணத்தை அம்மையாரின் வாழ்வே தருகிறது. எரியும் வீட்டிலிருந்து குழந்தைகளை வெளிக்கொணர்பவர் அவ்வீட்டின் சிற்ப வேலைப்பாட்டைக் கணக்கிடுவதில்லை. அவருக்குக் கலை, முதலீடாகத் திணிக்கப்பட்டது. மணம், தாமே போராடிப் பெற்றது. ஆகவே முன்னதை ஐயுற்றும் பின்னதை நம்பியும் எழுதினார். பிற்காலத் திறனாய்வு இந்நம்பிக்கையை வினவலாம், வினவவும் வேண்டும். ஆனால் அவ்வினா, மணம் தடையின்றிக் கிட்டும் இடத்திலிருந்து எழுவது என்பதையும் அத்திறனாய்வு உணர்தல் வேண்டும்.

8. படைநடையும் இறுதிக்காலமும்

புதினம் வெளிவந்த இரண்டாண்டுகளில் அம்மையார் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணிக்கு வந்தார். 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் படையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் இருந்தனர். குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரி ஆகியோருடன் அம்மையாரும் அதில் சென்றார். 42 நாள் நடைக்குப்பின் அப்படை செப்டம்பர் 11 அன்று சென்னையை அடைந்தது. அப்போது அவருக்கு வயது 55. தெருவில் இறங்கி நடக்கும் பெண்ணை ஏளனம் செய்த காலத்தில், ஊர்தோறும் மேடையேறிப் பேசியபடியே அவர் அத்தொலைவைக் கடந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 13 அன்று நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ. வெ. இராமசாமிக்குப் பெரியார் என்னும் பெயர் வழங்க வேண்டுமென அம்மாநாடே தீர்மானித்தது. மறுநாள் மறியலில் ஈடுபட்ட மருத்துவர் தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் கைது செய்யப்பட்டு ஆறுவாரச் சிறைத்தண்டனை பெற்றனர். தாசிமுறை ஒழிப்பில் தம் உடலுரிமைக்காகப் பேசிய பெண், மொழியுரிமைக்காகச் சிறை சென்றார். அவரைப் பொறுத்தவரை இவை இரு வேறு போராட்டங்களாக இருக்கவில்லை.

1945-இல் ‘திராவிட நாடு’ இதழில் ‘தமயந்தி’ என்னும் தொடரை அவர் எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவது குற்றமாயிற்று. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1949-இல் பெரியார், மணியம்மை திருமணத்தை ஒட்டி எழுந்த பிளவில் அம்மையார் அண்ணாவின் பக்கம் நின்று, திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். கால் நூற்றாண்டு தாம் பின்பற்றிய தலைவரிடமிருந்தும் கொள்கை வேறுபாட்டால் விலகும் துணிவு அவருக்கிருந்தது. 1956-இல் அண்ணாவால் பாராட்டிச் சிறப்பிக்கப்பெற்ற அவர், 1962 ஜூன் 27 அன்று மறைந்தார்.

முடிவுரை

1989-இல் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திற்கு அம்மையாரின் பெயரைச் சூட்டியது. எட்டாம் வகுப்பு வரை படித்திருத்தல் அதன் தகுதியாக வைக்கப்பட்டது. 2022-இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளிகளில் பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. மணத்திற்கு அளிக்கப்பட்ட உதவி கல்விக்கு உரியதாக மாறியிருப்பது, அவரது புதினம் நின்ற இடத்திற்கும் பெண்விடுதலைச் சிந்தனை இன்று வந்தடைந்துள்ள இடத்திற்கும் இடைப்பட்ட தொலைவைக் காட்டுகிறது.

‘தாசிகள் மோசவலை’ கலை முதிர்ச்சியால் நிலைபெறும் நூலன்று. நூற்றாண்டுகளாக ஆடவர் அவையில் நகைச்சுவைக்குப் பயன்பட்ட கதையை, அக்கதைக்குள் வாழ்ந்தவரே மீட்டெடுத்து எழுதியமையே அதன் பெருமை. ஒரு சிறுமியின் விலையாகக் கைமாறிய தொகைக்கும் இன்று அவர் பெயரால் மாணவியரைச் சென்றடையும் தொகைக்கும் இடையில் நடந்த வரலாற்றை எழுதப்புகும் எவரும் இப்புதினத்தைக் கடந்துசெல்ல இயலாது. விறலிவிடு தூது மரபையும் தொடக்ககாலப் புதினங்களையும் பெண்ணின் நோக்கிலிருந்து இணைத்து ஆராயும் விரிவான ஆய்வுகளுக்கு அது முதன்மைச் சான்றாக அமையத்தக்கது.